ஓரத்தில் எழுதியிருந்தது

மோட்டார் சைக்கிளைச் சங்கிலி போட்டுப் பூட்டி
சாவியை இடுப்பு வாரில் மாட்டிக்கொண்டது நான்தான்.
ஞாயிறு காலை. பீடோர் சந்தை முனையில்
கொய்யாக்காரர்கள் குடை விரிக்கும் நேரம்.
தவமணி பூட்டைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.
செருப்பை மாற்றிக்கொண்டு நடந்தாள்,
செம்பனைக்கு நடுவே ஏழு கிலோமீட்டர்,
ஆ செங் டயர் கடை மாடி வரைக்கும்.

அங்கே இருபது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மின்விசிறி.
கீழே சக்கரம் கழற்றும் இரைச்சல்.
அதற்கு மேலே குரல் எழுப்பித்தான்
அவர்கள் ஆண்டவரைக் கூப்பிட வேண்டும்.
ஒருநாள் சண்டை போடப் படிக்கட்டு ஏறினேன்.
யாரோ ஒருத்தி பாடிக்கொண்டிருந்தாள்.
அவள்தான்.
வீட்டில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.
அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

நான் கோவில் கமிட்டிச் செயலாளர்.
"உன் வீட்டையே உன்னால..." என்று சின்னராசு
முடிக்காமல் விடும் வாக்கியம்
காதுக்குள் சீழாக நின்றது.
அண்ணன் மகளுக்குக் காது குத்திய நாளில்
அவள் சுட்டுக் கொண்டுபோன அதிரசத் தட்டு
மூடிய துணி விலகாமலே திரும்பி வந்தது.
மூன்று நாள் அதையே தின்றோம், அவளும் நானும்,
ஒரு சொல் பேசாமல்.

ஆடிக் கூழுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தாள்.
தீ மிதித்து வந்த என் காலுக்கு மஞ்சள் அரைத்துப் போட்டாள்.
திருநீற்றுத் தட்டு வந்தபோது மட்டும்
பள்ளிப் பிள்ளை போல
கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.
"பூசினா தேய்ஞ்சா போயிடுவ?"
"பூசினா பொய்யாயிடும்.
உங்க சாமி முன்னாடி என்னைப் பொய் சொல்லச் சொல்றீங்களா?"
அறைந்தேன்.
இந்த வரியை எழுதாமல் விடலாமா என்று பார்த்தேன்.
முடியவில்லை.

மறுநாள் அவள் வேதப் புத்தகத்தை எடுத்து
லோரிப் பெட்டியில், ஜாக்கிக்கும் எண்ணெய்த் துணிக்கும் நடுவே
திணித்துவிட்டேன்.
கட்டிலுக்கடியில் தேடினாள். அரிசி டின்னுக்குப் பின்னால் தேடினாள்.
கேட்கவில்லை.
துணி துவைக்கும்போது உதடு அசைந்தது.
பாதிக்கு மேல் மனப்பாடம் போலிருக்கிறது.

மில் வாசலில் எனக்கு முன்னால் முப்பத்தொரு லோரி.
எடைப்பாலம் பழுது. ராத்திரி இரண்டு மணி.
புளித்த குலை வாசம், கொசு.
தூக்கம் வராமல் அந்தப் புத்தகத்தை எடுத்தேன்,
எதைப் படித்துக் கெட்டாள் என்று பார்க்க.
ஓரமெல்லாம் பென்சில்.
ஏஇஜே 4172, பின் பிரேக்.
ஏஇஜே 4172, தாப்பா இறக்கம், மழை.
ஏஇஜே 4172, டீசல் கடன்.
தேதி போட்டு, தேதி போட்டு.
சங்கிலி பூட்டிய ஞாயிறுக்கும் ஒன்று.
அறைந்த நாளுக்கும் இருந்தது:
ஏஇஜே 4172, அவர் கை நடுங்கிச்சு.

என் பெயர் எங்கேயும் இல்லை.
புருஷன் பெயரை எழுதக் கூச்சப்பட்டிருப்பாள்.
அவள் ஆண்டவருக்கு என்னை
வண்டி எண்ணாகத்தான் தெரியும்.
பின்னால் இருந்தவன் ஹார்ன் அடித்தான்.
வரிசை எப்போதோ நகர்ந்திருந்தது.

விடியற்காலை அரிசி டின் மேல் புத்தகத்தை வைத்தேன்.
அட்டையில் என் விரல் கிரீஸ்.
அவள் அதைப் பார்த்தாள். துடைக்கவில்லை.

நான் மாறிவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம்.
வெள்ளிக்கிழமைக் கணக்கு இன்னும் நான்தான் எழுதுகிறேன்.
என் சாமி எனக்கு.
சின்னராசு அதே வாக்கியத்தை ஆரம்பித்தபோது
"முடிச்சிடுங்க" என்றேன்.
அவர் டீயைக் குடித்தார்.
சங்கிலி லோரியில் கிடக்கிறது, தார்ப்பாய் கட்ட உதவுகிறது.

போன மாதம் தாப்பா இறக்கத்தில்
பிரேக் ஒரு நொடி பிடிக்காமல், பிறகு பிடித்தது.
வீட்டுக்கு வந்து தேதியை மட்டும் சொன்னேன்.
எதற்கென்று கேட்காமல்
அவள் பென்சிலைத் தேடினாள்.